எட்டு நூல் ஒரு இன்ச்

முதலில் ஒரு சின்னக் கேள்வி. பேனா, செல்போன், கால்குலேட்டர் எதையும் தொடாமல் பதில் சொல்லுங்கள். 5/8 பெரிசா, 3/5 பெரிசா?

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் காற்றில் விரலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பீர்கள். ஐயைந்து இருபத்தைந்து, மூவெட்டு இருபத்துநாலு, இருபத்தைந்துதான் பெரிசு, ஆகவே 5/8. சரியான விடை. முழு மார்க். மீதிப் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டி ஜோக்குக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நில்லுங்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

முழு மார்க் வாங்கியவர்களிடம் இரண்டாவது கேள்வி. இருபத்தைந்து என்றீர்களே, எது இருபத்தைந்து? இருபத்தைந்து ரூபாயா? இருபத்தைந்து மாம்பழமா? எட்டிலும் ஐந்திலும் ஆரம்பித்த கணக்கில் இந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்து குதித்தது?

இப்போது இரண்டு கட்சியும் மௌனம்.

இரண்டு மணி நேரப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். முந்நூறு பக்க நாவலுக்கு எழுதுகிறோம். நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாரும் டிக்கெட் இல்லாமல் கட்டாயமாக உட்கார்ந்து பார்த்த ஒரு பாடம் இருக்கிறது. ‘பின்னங்களை ஒப்பிடுதல்’ என்று பெயர். அதற்கு விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. இந்த வாரம் அதுதான். எந்த ஒரு வருஷத்துப் புத்தகத்தையும் குறிவைக்கவில்லை. 2018லிருந்து வந்த நம் அரசுப் பாடநூல்களில் படங்களும் செயல்பாடுகளும் நிறையவே உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. நான் சொல்வது பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாப் படமும் உதிர்ந்துபோய், கடைசியில் பிள்ளையின் கையில் மிஞ்சுகிற அந்தப் பெருக்கல் குறியைப் பற்றி.

அதை விமர்சிக்க நாம் போகவேண்டிய இடம் அஞ்செட்டி.

*

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டு வழியே போனால் அஞ்செட்டி வரும். சுற்றிலும் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக் காடுகள். யானை நடமாடுகிற பூமி. கர்நாடக எல்லை பக்கத்திலேயே. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும். ஊரைச் சுற்றி ராகி விளைகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூர் லேத்தும் ஒர்க்‌ஷாப்புமாக வளர்ந்துவிட்டதால், இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பையன்களுக்கு அதுதான் பிழைக்கப் போகிற திசை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

“அண்ணா, மூணு நூல் போல்ட் பத்து குடுங்க.”

“மூணு நூலா, ரெண்டரை நூலா? போன தடவை ரெண்டரை வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்தியே.”

(அண்ணா என்ற சொல்லுக்கு இங்கே மூன்று மொழியிலும் ஒரே அர்த்தம் என்பது கூடுதல் வசதி.)

தச்சு வேலை, கம்பி வேலை, ஒர்க்‌ஷாப் பக்கம் போகாதவர்களுக்காக: நூல் என்பது ஒரு அளவு. ஓர் இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை இன்ச். ஆறு நூல் பலகை என்றால் முக்கால் இன்ச் பலகை. மூணு நூல் போல்ட் என்பது கம்பெனி அட்டையில் 3/8 என்று போட்டிருப்பது. ரெண்டரை நூல் என்பது 5/16.

இப்போது ஒரு இன்ச் ஸ்பேனர் செட்டைத் திறந்து வைத்துக்கொள்வோம். 3/8, 7/16, 1/2, 9/16, 5/8 என்று வரிசையாகப் பொறித்திருக்கும். இதில் 7/16 பெரிசா 1/2 பெரிசா என்று ஒரு பட்டதாரியைக் கேட்டால் விரல் காற்றில் போகும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷம் கை கறுத்த பையனுக்கு இது கேள்வியே இல்லை. அவனுக்கு அந்த வரிசை மூணு நூல், மூணரை நூல், நாலு நூல், நாலரை நூல், அஞ்சு நூல். ஒண்ணு, ரெண்டு எண்ணத் தெரிந்தவனுக்கு மூணரைக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதா?

அந்தப் பையன் பள்ளியில் பின்னக் கணக்கில் தேறியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் வேற்றினப் பின்னங்களை ஒப்பிடுவது என்று புத்தகம் பெயர் வைத்திருக்கிற வேலையை நாள் பூரா செய்துகொண்டிருக்கிறான். எப்படி? எட்டு, பதினாறு, இரண்டு என்று ஆளுக்கொரு விதமாக இருந்த துண்டுகளை அவன் தொழில் முன்கூட்டியே ஒரே அளவுத் துண்டாக்கி, அதற்கு நூல் என்று பெயரும் வைத்துக் கொடுத்துவிட்டது. பிறகு அவன் எண்ணுவதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

பின்னங்களை ஒப்பிடுவதில் உள்ள சூட்சுமம் மொத்தமும் இவ்வளவுதான். துண்டு ஒரே அளவாக இருந்தால் எண்ணிக்கையைப் பார். இல்லையென்றால் முதலில் துண்டை ஒரே அளவாக்கு.

*

தச்சர்கள் மட்டும் கண்டுபிடித்த விஷயமில்லை இது. பெரிசு சின்னதை அடிக்கடி ஒப்பிட வேண்டிய எல்லாத் தொழிலும் தனக்கென்று ஒரு துண்டை வைத்துக்கொண்டிருக்கிறது.

ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தது. காலும் அரையும் முக்காலும் நாலணா, எட்டணா, பன்னிரண்டணா ஆகிவிட்டால் எது பெரிசு என்ற சண்டைக்கே இடமில்லை. 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா வந்து அணா போனது. ஆனாலும் நாலணா என்ற பெயர் 25 பைசாவின் மேல் ஒட்டிக்கொண்டு, 2011 ஜூன் 30ல் அந்தக் காசே செல்லாமல் போகிறவரை உயிரோடு இருந்தது. நெல் அளந்தவர்களுக்குப் படி. எட்டு ஆழாக்கு ஒரு படி. உழக்கு என்றால் ரெண்டு ஆழாக்கு, உரி என்றால் நாலு.

தங்கத்துக்கு வாருங்கள். ஓசூரில் டைட்டன் கம்பெனியின் நகைத் தொழிற்சாலை இருக்கிறது. 1990களில் அவர்கள் தனிஷ்க் என்று ஆரம்பித்தபோது முதலில் கொண்டுவந்தது 18 காரட் நகை. நம் ஆட்கள் சீந்தவில்லை. பிறகு 22 காரட்டுக்கு வந்தார்கள். ஜனங்களுக்கு ஏன் அது உடனே புரிந்தது? 3/4 பங்கு தங்கமா, 11/12 பங்கு தங்கமா என்று விளம்பரம் செய்திருந்தால் பாதிப் பேர் முழித்திருப்பார்கள். காரட் என்ற துண்டு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. முழுத் தங்கத்துக்கு இருபத்துநாலு துண்டு. அதில் பதினெட்டா, இருபத்திரண்டா? பத்தாவது ஃபெயிலான பாட்டிக்கும் தெரியும். 916 முத்திரையும் அதே 22/24தான், துண்டை ஆயிரமாக்கிச் சொல்கிறது. சதவீதம் என்பதும் அதே உத்திதான். உலகமே கூடி, துண்டு நூறு என்று ஒரு பஞ்சாயத்தில் ஒப்புக்கொண்டது போல.

இனி காற்றில் போட்ட பெருக்கல் குறிக்குத் திரும்பலாம். 5/8, 3/5. எட்டுத் துண்டு ஒரு பக்கம், ஐந்து துண்டு ஒரு பக்கம். இரண்டையும் நாற்பது துண்டாக்கிவிடுவோம். எட்டில் ஒரு பங்குக்கு ஐந்து குட்டித் துண்டு, ஆகவே 5/8க்கு இருபத்தைந்து. ஐந்தில் ஒரு பங்குக்கு எட்டுக் குட்டித் துண்டு, ஆகவே 3/5க்கு இருபத்துநாலு. நீங்கள் காற்றில் கண்டுபிடித்த இருபத்தைந்தும் இருபத்துநாலும் இவைதான். நாற்பதில் ஒரு பங்கான துண்டுகள். அந்த நாற்பதைக் குறுக்குப் பெருக்கல் எழுதுவதே இல்லை. தேவையில்லை என்று விட்டுவிடுகிறது. எண்ணப்படுவது எது என்ற ஒரே ஒரு தகவலை மறைத்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் கொடுக்கிறது.

இதுதான் இந்தப் பாடத்தின் மீது என் முதல் குற்றச்சாட்டு. குறுக்குவழி தப்பில்லை. நேர்வழி தெரிந்தவனுக்குத்தான் அது குறுக்குவழி. தெரியாதவனுக்கு அது மந்திரம். மந்திரத்தில் ஒரு எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பெருக்கின இரண்டு விடைகளில் எது எந்தப் பின்னத்துக்குச் சொந்தம் என்று மாற்றி எழுதிவிட்டு, 3/5தான் பெரிசு என்று சாதிக்கிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்கு விடை தப்பென்று தெரியவே வழியில்லை. ஏனென்றால் அவர்கள் எந்த அளவையும் பார்க்கவில்லை. நாலு எண்ணைப் பார்த்தார்கள், ஒரு குறியைப் போட்டார்கள்.

*

நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்து வருத்தப்படவேண்டாம். அமெரிக்காவில் 1978ல் தேசிய அளவில் ஒரு தேர்வு வைத்தார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் விடை உத்தேசமாக எதற்குக் கிட்டத்தில் வரும்? 1, 2, 19, 21 என்று நாலு விடைகள். கணக்குப் போட வேண்டாம், உத்தேசமாகப் போதும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பின்னமும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக இரண்டு. சரியாகச் சொன்னது 24 சதவீதம் பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. ஒரு தோசையில் கொஞ்சம், இன்னொரு தோசையில் கொஞ்சம், சேர்த்தால் இருபத்தொரு தோசை!

அந்தத் தலைமுறையிடம்தான் 1980களில் ஒரு ஹாம்பர்கர் கம்பெனி மாட்டிக்கொண்டது. மெக்டொனால்ட்ஸ் கால் பவுண்ட் இறைச்சி வைத்து விற்ற பர்கருக்குப் போட்டியாக, ஏ அண்டு டபிள்யூ கம்பெனி அதே விலையில் 1/3 பவுண்ட் பர்கர் கொண்டுவந்தது. ஓடவில்லை. ஏன் என்று வாடிக்கையாளர்களைக் கூட்டி வைத்துக் கேட்டபோது, மூணில் ஒண்ணு நாலில் ஒண்ணைவிடச் சின்னதாயிற்றே, அதற்கு ஏன் அதே காசு கொடுக்கவேண்டும் என்று பலர் திருப்பிக் கேட்டார்களாம். மூணைவிட நாலு பெரிசு என்ற திடமான அறிவு. அந்தக் கம்பெனியின் முதலாளியாக இருந்த ஆல்ஃபிரட் டாப்மேன் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

சிரித்துவிட்டு நம் ஊர் ஜவுளிக்கடைக்கு வாருங்கள். ஒரு கடையில் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’. எதிர்க் கடையில் ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, இரண்டாவதில் நாலில் ஒரு பங்கு. ‘50 சதவீதம் அதிகம்’ என்று எழுதின பிஸ்கட் பாக்கெட்டும், ‘40 சதவீதம் தள்ளுபடி’ என்ற பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது லாபம்? 50 அதிகம் என்பது அதே காசுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 40 சதவீதத்தைவிடக் குறைவு. பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினவர், மூணைவிட நாலு பெரிசு என்றவரின் சொந்தக்காரர்.

கையை விட்டுப் போவது காசு மட்டுமில்லை. ராபர்ட் சீக்லர் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் சகாக்களும் 2012ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல வருஷம் தொடர்ந்து கவனித்த பிள்ளைகளின் விவரங்களை வைத்துச் செய்தது. பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை வைத்து, உயர்நிலைப் பள்ளியில் அல்ஜீப்ரா எவ்வளவு வரும் என்று கணிக்க முடிகிறது. பிள்ளையின் பொதுவான புத்திசாலித்தனம், குடும்ப வருமானம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தத் தொடர்பு நிற்கிறது. ‘எனக்குக் கணக்கு வராது சார்’ என்று ஒன்பதாவதில் சொல்கிற பிள்ளை, அனேகமாக ஐந்தாவது ஆறாவதில் ஒரு பின்னத்தின் முன்னால் கையைத் தூக்கியிருக்கும்.

*

இந்த இடத்தில் யாராவது ஒரு வாசகர் எழுந்து, “நம் முன்னோர்...” என்று ஆரம்பிப்பார். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தரம் வருகிற அந்தப் பட்டியலைக் காட்டுவார். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. முந்திரி என்றால் 1/320. அதற்கும் கீழே கீழ்முந்திரி, 1/1,02,400. ‘உலகில் வேறெந்த மொழிக்கு உண்டு?’ என்று ஆச்சரியக்குறியோடு முடியும்.

பட்டியல் உண்மைதான். காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியிலும் புழங்கின பெயர்கள் இவை. இந்தப் பின்னக் குறியீடுகள் 2019ல் யூனிகோடில்கூட இடம்பிடித்துவிட்டன. ஆனால் பட்டியலை அனுப்பி வைத்தவரிடம், மா பெரிசா மாகாணி பெரிசா என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக அந்த நிமிஷத்தோடு பெருமை தீர்ந்துவிடும். பட்டியலைப் பெருமைக்கு வைத்துக்கொண்டு, அது எதற்காக உண்டாயிற்றோ அந்த உபயோகத்தை விட்டுவிட்டோம் என்பது என் இரண்டாவது குற்றச்சாட்டு.

மெய்யாகவே அதில் ஒரு அழகு இருக்கிறது. 320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது தச்சரின் எட்டு மாதிரி, தட்டாரின் இருபத்துநாலு மாதிரி ஒரு துண்டுக் கணக்கு. அரை என்றால் 160 முந்திரி. கால் 80. அரைக்கால் 40. மாகாணி 20. மா 16. காணி 4. மாகாணிதான் மாவைவிடப் பெரிசு, சந்தேகமில்லை.

நம் முதல் கேள்வியை அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? அவர் 5/8 என்று எழுதமாட்டார். அரையே அரைக்கால் என்பார். 3/5 என்பது அவருக்கு அரையே இருமா. பெயர் சொன்ன உடனே பாதி வேலை முடிந்துவிட்டது, கவனித்தீர்களா? இரண்டிலும் அரை இருக்கிறது, அதை ஒதுக்கிவிடலாம். மிச்சம் அரைக்காலா, இருமாவா? அரைக்கால் 40 முந்திரி, இருமா 32 முந்திரி. அரைக்கால் பெரிசு. ஆகவே அரையே அரைக்கால் பெரிசு. காற்றில் எதுவும் எழுதவில்லை. பின்னத்தின் பெயரே அதன் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் சொல்கிற ‘ஃபைவ் பை எய்ட்’ அப்படி எதையும் சொல்வதில்லை.

பி.காம். படித்தவர்கள் இதை வேறு உருவத்தில் பார்த்திருப்பீர்கள். கூட்டாண்மைக் கணக்கில் 3:2 என்று லாபம் பிரிக்கும் இரண்டு பேர் மூன்றாமவரைக் கால் பங்குக்குச் சேர்த்துக்கொண்டால், யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று பக்கம் பக்கமாகப் போடுவோம். ஒருவர் 3/20, இன்னொருவர் 2/20. மொழிபெயர்த்தால் மும்மா, இருமா. ஒரே வரி.

அதற்காக எண்சுவடியைத் திருப்பிக் கொண்டுவா என்று கோஷம் போடப்போவதில்லை. அதற்கும் இரண்டு குறை உண்டு.

ஒன்று, அதன் ஏணியில் எல்லாப் பின்னமும் ஏறாது. 320ஐ இரண்டாலும் ஐந்தாலும் மட்டும்தான் உடைக்க முடியும். மூன்றில் ஒன்றுக்கு அங்கே சொந்தப் பெயர் கிடையாது, ஏழில் மூன்றுக்குக் கிடையாது. அஞ்செட்டி கடைவீதிக்குத் திரும்பிப் போய்க் கேளுங்கள். தமிழில் கால், அரை, முக்கால். கன்னடத்தில் காலு, அரை, முக்காலு. தெலுங்கில் பாவு, அர, முப்பாவு. மூன்று மொழியும் பாதியையும் பாதியின் பாதியையும் செல்லப் பெயர் வைத்துக் கொஞ்சுகின்றன. மூன்றில் ஒன்று வந்ததும் மூன்று மொழியும் நீட்டி முழக்கி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன. நூல் கணக்கும் அப்படியே. ஓர் இன்ச்சில் மூன்றில் ஒரு பங்கு வெட்டச் சொன்னால் தச்சர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். தொழில்கள் தங்களுக்கு வேண்டிய பின்னங்களுக்கு மட்டும் வழி செய்துகொண்டன. எந்தப் பின்னம் வந்தாலும் அதற்கேற்ற துண்டை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று சொல்லித் தருவது பள்ளிக்கூடம்தான். அது பள்ளிக்கூடத்தின் பெருமை. மீச்சிறு பொது மடங்கு என்று பயமுறுத்துகிற பெயரில் வருவது, ‘புது நூல் தயாரிக்கும் முறை’ அன்றி வேறில்லை.

இரண்டாவது குறை கொஞ்சம் கசப்பானது. அந்தப் பின்னமெல்லாம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, எண்சுவடியையும் திண்ணைப் பள்ளியையும் ஊர்க் கணக்கர்களையும் பற்றி எழுதிய ஆங்கில நூலை ஆக்ஸ்ஃபோர்டு 2022ல் வெளியிட்டது. கணக்கைச் சாதியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிரித்து வைத்துப் பூஜை செய்யக்கூடாது என்பதை அதைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். முந்திரிவரை கணக்குத் தெரிந்தவர் ஒரு பக்கம். களத்தில் மூட்டை சுமந்தவர் எதிர்ப் பக்கம். அவருக்கு எவ்வளவு என்று முன்னவர் வாசித்துச் சொன்னார்.

பின்னத்தில் எது பெரிசு என்பது அவருக்குப் பரீட்சைக் கேள்வியாக இருக்கவில்லை, அது சோறு. 1946-47ல் வங்காளத்தில் வாரத்துக்கு உழுதவர்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். தேபாகா என்று பெயர், மூன்று பங்கு என்று பொருள். விளைச்சலில் பாதி என்று இருந்த தங்கள் பங்கு 2/3 ஆகவேண்டும் என்பதே கோரிக்கை. பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு. அதற்காக உயிர் விட்டிருக்கிறார்கள். நம் தஞ்சாவூரில் 1952ல் வந்த சட்டம் குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு என்றது. 1956ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் நிலத்தில் நிலக்காரருக்கு நூற்றுக்கு 40 என்றது, ஆக உழுதவருக்கு ஐந்தில் மூன்று. பாதிக்குக் கீழே இருந்த பங்கு பாதிக்கு மேலே ஏறியது. சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு எண்ணின் மாற்றம். அதன் அளவு தெரியாதவனுக்கு, தனக்கு வந்தது சரியா என்று கேட்கவும் தெரியாது.

*

சரி, குறை சொன்னது போதும். விமர்சகன் என்றால் ஒரு நல்ல காட்சியையாவது சொல்லவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்குப் பின்னக் கணக்கோடு வந்து நின்றால், பெருக்கல் குறியைப் போடவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: துண்டு எது பெரிசு? 3/7, 3/11 என்று வந்தால், இரண்டிலும் மூன்று துண்டுதான். ஏழு பேருக்குப் பிரித்த களி உருண்டையில் துண்டு பெரிசா, பதினொரு பேருக்குப் பிரித்ததில் பெரிசா? பந்தியில் உட்கார்ந்த எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அமெரிக்க ஹாம்பர்கர் அங்கேயே தீர்ந்தது.

இரண்டாவது: பாதிக்கு மேலா, கீழா? 4/9, 5/8. ஒன்பதில் பாதி நாலரை, நாலு அதற்குக் கீழே. எட்டில் பாதி நாலு, ஐந்து அதற்கு மேலே. முடிந்தது கதை. தஞ்சாவூர்ச் சட்டத்தின் ஐந்தில் இரண்டையும் ஐந்தில் மூன்றையும் இப்படித்தான் எடை போட்டோம்.

மூன்றாவது: முழுசுக்கு எவ்வளவு பாக்கி? 7/8, 8/9. இரண்டிலும் ஒரே ஒரு துண்டுதான் குறைகிறது, ஆகவே இரண்டும் சமம் என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். திட்டாதீர்கள், அது யோசிக்கிற பிள்ளை. குறைகிற துண்டு எது பெரிசு என்று மட்டும் கேளுங்கள். எட்டில் ஒன்று குறைவதைவிட ஒன்பதில் ஒன்று குறைவது சின்னக் குறை. ஆக 8/9தான் முழுசுக்குக் கிட்டே.

இந்த மூன்றுக்கும் சிக்காத பின்னம் வந்தால், அப்போது புது நூல் தயாரிக்கலாம், பெருக்கல் குறியும் போடலாம். அந்தப் பிள்ளைக்கு விடை வருவதற்கு முன்பே விடை எங்கே இருக்கும் என்று ஒரு உத்தேசம் வந்திருக்கும். மந்திரம் பிசகினால் கண்டுபிடித்துவிடும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குத் தயார் செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே இருபத்தைந்து கேள்வி திறனறிவிலும் மனக்கணக்கிலும். மனக்கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், காற்றுக்கணக்கு என்று வைக்கவில்லை.

தமிழில் புத்தகத்துக்கும் நூல் என்று பெயர், தச்சரின் அளவுக்கும் நூல் என்று பெயர். முதல் நூலைப் படித்துத் தேறினவர்களும் இரண்டாவது நூலைக் கையில் பிடித்தவர்களும் ஒரே பாடத்தைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். கணக்கு டீச்சர் ஒரு நாள் இன்ச் டேப்பையும் ஸ்பேனர் செட்டையும் வகுப்புக்குக் கொண்டுவந்தால் அறிமுகம் ஆகிவிடும். செலவு அதிகமில்லை.

கடைசியாக, ஜோக்குக்குப் போகாமல் இதுவரை கூட வந்தவர்களுக்கு ஒரு கேள்வி. 7/12 பெரிசா, 4/7 பெரிசா? இரண்டுமே பாதிக்கு மேலே. பாதியைத் தாண்டி எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள். விரல் மட்டும் மடியில் இருக்கட்டும்.